சொந்தமாக சர்க்கிட் போர்டு வரைகிறீர்களா? பேட் வடிவத்தை இப்படித் தேர்ந்தெடுங்கள்

சர்க்கிட் தயார், பாகங்களும் வாங்கியாயிற்று. கீகேட் மென்பொருளைத் திறந்து போர்டு வரைய உட்காரும்போது, பாகத்தின் கால் வந்து சேரும் செம்புத் திட்டுகள், அதாவது பேட்கள், ஒன்று சதுரமாகவும் மற்றவை வட்டமாகவும் நீள்வட்டமாகவும் திரையில் வந்து விழும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் வந்ததை வந்தபடியே விட்டுவிட்டு பேட்களை இணைக்கும் செம்புக் கோடு, அதாவது டிராக், இழுக்கப் போய்விடுகிறார்கள். தொழிற்சாலையில் போர்டு செய்து, இயந்திரத்தில் சால்டர் செய்வதானால் அதில் பெரிய தப்பில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ வீட்டு கராஜில் சாதாரண சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவருக்கு வேண்டிய பேட் வேறு.

பேட் அருகே போகும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இதை யார் சால்டர் செய்யப் போகிறார்? நாளைக்கு யார் கழற்றப் போகிறார்? டர்பனில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். கடற்காற்றில் உப்பு, கோடை முழுக்கப் புழுக்கம், போதாக்குறைக்கு கேட் மோட்டார் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடும்பம் நடத்தும். அப்படிப்பட்ட இடத்தில் வைக்கிற போர்டு என்றைக்காவது பழுதுக்கு வந்தே தீரும். அப்போது ரிலேயை எடுத்தால் ரிலே மட்டும்தான் வர வேண்டும், பேடும் சேர்ந்து உரிந்து வரக் கூடாது.

உதாரணத்துக்கு ஒரு சின்ன போர்டை எடுத்துக்கொள்வோம். கேட் மோட்டாரின் 12 வோல்ட் பேட்டரியைக் கண்காணித்து, அது இறங்கினால் பஸ்ஸர் அடித்து எச்சரிக்கும் போர்டு. 2023-ல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது ஒரு பேட்டரி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த மின்வெட்டு வந்துவிடும்; இப்படி ஒன்று வேண்டும் என்று அப்போது கேட்காதவர் குறைவு. இதில் முக்கியமாக, இரண்டு வரிசையில் எட்டுக் கால் உள்ள டிப் வகை ஏடிடைனி85 மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று, சில ரெசிஸ்டர்கள், பிசி547 டிரான்சிஸ்டர், 1என்4007 டயோடு, ஒரு எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர், எல்இடி, 12 வோல்ட் ரிலே, இரண்டு ஸ்குரூ டெர்மினல், 0805 அளவில் ஒரு சின்ன செராமிக் கப்பாசிட்டர். பேட் விஷயத்தில் வரக்கூடிய சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு போர்டிலேயே வந்துவிடும்.

முதல் படி: துளை

கால் துளை வழியாகப் போகும் பாகமென்றால் வடிவத்துக்கு முன் துளையைத்தான் முடிவு செய்ய வேண்டும். வெர்னியரால் காலை அளந்து, அதோடு 0.2 முதல் 0.3 மி.மீ. வரை கூட்டிக்கொள்ளுங்கள். டேட்டாஷீட் பார்ப்பதானால் அதில் உள்ள அதிகபட்ச அளவை எடுங்கள், சராசரியை அல்ல.

கால் வாட் ரெசிஸ்டரின் கால் ஏறத்தாழ 0.6 மி.மீ., அதற்கு 0.8 துளை போதும். 1என்4007-ன் கால் 0.86 மி.மீ. வரை இருக்கலாம், ரெசிஸ்டர் போலத்தானே இருக்கிறது என்று 0.8 வைத்தால் உள்ளே போகாது, 1.1 வையுங்கள். பின் ஹெடரில் இன்னொரு ஏமாற்று உண்டு. அதன் கால் 0.64 மி.மீ. சதுரம். சதுரத்துக்கு மூலைக்கு மூலை அளவுதான் கணக்கு, அது 0.9 வரும். ஆகவே துளை 1.0. ஸ்குரூ டெர்மினலுக்கும் சின்ன ரிலேக்கும் பொதுவாக 1.3 சரியாக இருக்கும்.

டிசி ஜாக் மாதிரி தட்டையான கால் உள்ளவற்றுக்கு நீளத்துளை வேண்டும். போர்டு செய்து தரும் நிறுவனம் எவ்வளவு ஒடுக்கமான நீளத்துளை வரை செய்யும் என்பதை அவர்களுடைய அளவுப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் செய்தால் இரண்டு துளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு அரத்தால் ராவிவிட வேண்டியதுதான்.

இரண்டாம் படி: துளையைச் சுற்றி எவ்வளவு செம்பு

பேடின் விட்டத்திலிருந்து துளையின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் வருவது வளைய அகலம். 1.6 மி.மீ. பேடில் 0.8 துளை என்றால் வளையம் 0.4. காகிதத்தில் இது எல்லாப் பக்கமும் ஒரே அளவு. நிஜத்தில் டிரில் சற்று நகரும். ஓட்டை ஓரமாகப் போன மெதுவடை மாதிரி ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் நூல் அளவு என்று ஆகிவிடும். தொழிற்சாலைகள் 0.13, 0.15 மி.மீ. வளையம் வரை ஏற்றுக்கொள்கின்றன. அது அவர்களால் முடிகிற எல்லை, உங்களுக்கான சிபாரிசு இல்லை. இடமிருந்தால் 0.3-க்குக் கீழே போகாதீர்கள்.

வீட்டிலேயே ஃபெரிக் குளோரைடில் அரித்து, கையால் டிரில் போடுகிறவர்கள் வளையத்தை 0.5 அல்லது 0.6 என்று வையுங்கள். டிரில் நகர்வது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வேறு. தொழிற்சாலை போர்டில் துளையின் உள்சுவரிலும் செம்பு பூசியிருப்பார்கள். அந்தச் செம்புக் குழாய் மேல் பேடையும் கீழ் பேடையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் செய்த ஒருபக்க போர்டில் அது கிடையாது. பேடைப் பிடித்து வைத்திருப்பது அடியில் உள்ள பசை மட்டும்தான். சூட்டில் அந்தப் பசை இளகும். செம்புத் திட்டின் பரப்பு அதிகமாக இருந்தால்தான் பிடிப்பு இருக்கும். பழுப்பு நிற ஃபீனாலிக் போர்டில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். விலையில் கொஞ்சம் கூட இருந்தாலும் எஃப்ஆர்-4 கண்ணாடியிழை போர்டு வாங்குங்கள்.

சரி, நம் போர்டுக்கு: தொழிற்சாலையில் செய்தால் 0.8 துளைக்கு 1.6 பேட், வீட்டில் செய்தால் 1.8 முதல் 2.0. ரிலேக்கும் டெர்மினலுக்கும் 1.3 துளையில் எங்கே செய்தாலும் 2.5-க்குக் குறையாமல். ஸ்குரூவை முறுக்கும் ஒவ்வொரு தடவையும் டெர்மினலின் பேட்தான் அந்த இழுப்பைத் தாங்குகிறது.

மூன்றாம் படி: வடிவம்

துளைப் பாகங்களுக்கு வட்டம்தான் இயல்பான வடிவம். எல்லாப் பக்கமும் ஒரே அளவு செம்பு, சால்டர் சீராகச் சுற்றி ஏறும். வேறு வடிவம் வைக்கக் காரணம் இருந்தால் மட்டும் வட்டத்தை விட்டு விலகுங்கள்.

சதுரம் வைக்கக் காரணம் அடையாளம். ஐசியின் முதல் கால், கனெக்டரின் முதல் கால் எது என்று போர்டின் அடிப்பக்கத்திலிருந்தும் தெரிய வேண்டும். அச்சு எழுத்து மேல்பக்கத்தில்தான் இருக்கும், அதையும் பாகம் மறைத்துவிடும். வீட்டில் செய்த போர்டில் எழுத்தே இருக்காது. ஆகவே முதல் கால் சதுரம், மற்றவை வட்டம் என்ற வழக்கத்தை மீறாதீர்கள்.

இதில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. சதுரம் என்றால் பிளஸ் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கீகேட் நூலகத்தில் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்கு முதல் கால் பிளஸ், அதனால் சதுரம் பிளஸ் பக்கம். டயோடுக்கும் எல்இடிக்கும் முதல் கால் கேதோடு, அதனால் சதுரம் அங்கே மைனஸ் பக்கம், டயோடில் கோடு போட்ட பக்கம். ஒரே போர்டில் ஒரு சதுரம் பிளஸ், பக்கத்துச் சதுரம் மைனஸ் என்று ஆகிவிடும். நூலகத்தின் வழக்கத்தை மாற்ற வேண்டாம். மாற்றினால் இன்னொருவர் வரைந்த போர்டைப் படிக்கும்போது குழம்புவீர்கள். அதற்குப் பதில் கப்பாசிட்டர் பக்கத்தில் பெரிதாக ஒரு + குறி, டயோடுக்குக் கோடு, இரண்டும் பாகத்தின் உடலுக்கு வெளியே தெரியும்படி போடுங்கள். ஒருபக்க போர்டானால் செம்பிலேயே + வரைந்துவிடலாம். அரித்தபின்னும் அது நிற்கும்.

நீள்வட்டம் வைக்கக் காரணம் இடம். ஏடிடைனியின் கால்களுக்கு இடையே 2.54 மி.மீ. தூரம். 1.6 வட்டப் பேட் வைத்தால் இரண்டு பேட்களுக்கு நடுவில் 0.94 மிஞ்சும், 0.3 மி.மீ. டிராக் ஒன்றை அதில் நுழைத்தால் இருபுறமும் 0.32 இடைவெளி கிடைக்கும். நல்ல பிடிப்பு வேண்டுமென்று வட்டத்தை 2.0 ஆக்கினால் மிச்சம் 0.54-தான், டிராக்கை மறந்துவிட வேண்டியதுதான். இங்கேதான் நீள்வட்டம் கைகொடுக்கிறது. அகலம் 1.6 என்றே இருக்கட்டும், கால்வரிசைக்குக் குறுக்காக நீளத்தை 2.4 ஆக்குங்கள். நடுவில் டிராக் போக வழியும் உண்டு, அயர்ன் முனை உட்கார இடமும் உண்டு. கீகேட்டில் டிப் பாகங்களுக்கு நீளப்பேட் வகை தனியாகவே கிடைக்கும். கையால் சால்டர் செய்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம்.

பிசி547-க்கு வருவோம். அதன் மூன்று கால்களும் உடலிலிருந்து 1.27 மி.மீ. இடைவெளியில் இறங்குகின்றன. அந்த இடைவெளியிலேயே பேட் வைத்தால் ஒன்றுக்கொன்று நடுவே 0.2 மி.மீ. அளவுதான் மிஞ்சும். இயந்திரத்துக்கு அது பெரிய விஷயமில்லை. கையால் செய்கிறவருக்கு ஒரு சொட்டு சால்டர் அதிகமானாலும் கால்கள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் உறிஞ்சு திரியை எடுத்துக்கொண்டு போராட வேண்டும். வடிவத்தை எப்படி மாற்றினாலும் இது தீராது. கால்களை 2.54-க்கு விரித்து வைக்கும் அகல வகை ஃபுட்பிரின்டை, அதாவது நூலகத்தில் உள்ள அந்தப் பாகத்துக்கான பேட் வரைபடத்தை, எடுத்துவிடுங்கள்.

மற்ற வடிவங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எண்கோணம் பழைய மென்பொருள்களில் நிறைய வரும். வட்டம் செய்யாத எதையும் அது செய்துவிடுவதில்லை. சரிவகம் சில தனி வேலைகளுக்கு மட்டும். டிராக் பேடைச் சேரும் இடத்தைத் துளி போல அகலமாக்குவது நல்ல பழக்கம். கீகேட் 7 முதல் அது மென்பொருளிலேயே இருக்கிறது. வீட்டு டிரில் விலகிப் போய் டிராக்கின் கழுத்தை வெட்டுவதிலிருந்து காப்பாற்றும்.

நான்காம் படி: மேலே ஒட்டும் பாகங்கள்

துளையில்லாமல் மேலேயே ஒட்டும் 0805 கப்பாசிட்டர் 2.0-க்கு 1.25 மி.மீ. இவற்றுக்கு மூலை மழுங்கிய செவ்வகம்தான் இன்றைய வழக்கம். கூர்மையான மூலை வரை சால்டர் சரியாகப் பாயாது. ஸ்டென்சில் வைத்து சால்டர் பேஸ்ட் பூசினால் பேஸ்ட்டும் அந்த மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். குட்டைப் பக்கத்தின் கால் பங்கு மழுக்கல், ஆனால் 0.25 மி.மீ.-க்கு மேல் வேண்டாம். கீகேட் தருவதும் ஏறத்தாழ இதுதான், கை வைக்காதீர்கள்.

கை வைக்க வேண்டியது நீளத்தில். பாகத்தின் முனைக்கு வெளியே பேட் எவ்வளவு நீண்டிருக்கிறதோ அவ்வளவுதான் அயர்ன் தொட இடம். கையால் சால்டர் செய்வதற்கென்று நீட்டிய வகை நூலகத்தில் உண்டு, அதை எடுங்கள். பேஸ்ட்டை உருக்க ஓவன் வைத்திருப்பவர்கள் சாதாரண வகையில் இருங்கள். அளவுக்கு மீறி நீண்ட பேடில் சால்டர் உருகும்போது பாகம் மிதந்து நகரும்.

இரண்டு பக்கப் பேட்களும் ஒரே அளவாக இருக்கட்டும். ஒன்று பெரிய செம்புப் பரப்போடு நேரடியாக ஒட்டியும் மற்றது மெல்லிய டிராக்கோடும் இருந்தால் ஒரு பக்கம் முன்னால் உருகி, அந்த இழுப்பில் பாகம் ஒற்றைக் காலில் எழுந்து நின்றுவிடும். 0402 போன்ற பொடிப் பாகங்களில் இது சகஜம், 0805-ல் குறைவு. புதியவர்கள் 0805-க்குக் கீழே இறங்க ஒரு காரணமும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஒட்டும் பேடின் மேலேயே வயா, அதாவது போர்டின் இரு பக்கச் செம்பையும் இணைக்கும் துளை, போடாதீர்கள். உருகிய சால்டர் அதன் வழியே இறங்கிப் போய் மூட்டு காய்ந்து நிற்கும்.

ஐந்தாம் படி: கிரவுண்ட் பரப்போடு சேரும் பேட்கள்

போர்டு முழுக்கக் கிரவுண்ட் செம்பு நிரப்பினால், அதில் உள்ள பேட்கள் சூட்டையெல்லாம் பரப்புக்குக் கொடுத்துவிடும். அயர்னை வைத்துக்கொண்டே இருப்பீர்கள், சால்டர் உருகாது. உருகும் நேரத்தில் பக்கத்துப் பாகம் வெந்திருக்கும். பேடுக்கும் பரப்புக்கும் இடையே நாலு மெல்லிய செம்புக் கைகள் மட்டும் விடும் முறையைத் தேர்ந்தெடுங்கள். கை ஒவ்வொன்றும் 0.5 மி.மீ. இருந்தால் நம் போர்டுக்குத் தாராளம். நிரப்பும்போது துளைப் பேட்களுக்கு மட்டும் இப்படிச் செய் என்றும் மென்பொருளிடம் சொல்லலாம்.

மோட்டாரின் மின்னோட்டமே போர்டு வழியாகப் போவதானால் கதை வேறு. அங்கே முழு இணைப்பு வைத்து, பெரிய அயர்னால் சால்டர் செய்யுங்கள்.

ஆறாம் படி: ரிலே, 230 வோல்ட்

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள்.

இதுவரை பேடைப் பெரிதாக்கு என்றே சொல்லி வந்தேன். பேட் வளர வளரப் பக்கத்துப் பேடோடு உள்ள இடைவெளி சுருங்கும். 12 வோல்ட்டில் அதனால் ஆபத்தில்லை. தென்னாப்பிரிக்க வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் ஆள் போய்விடும்.

கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பெட்டி ரிலேயைக் கவிழ்த்துப் பாருங்கள். சுவிட்ச் பக்கத்தின் பொதுக் கால், காயிலின் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். மையத்துக்கு மையம் சுமார் 6.3 மி.மீ. பொதுக் காலுக்கு 3 மி.மீ. பேட், காயிலுக்கு 2.5 மி.மீ. பேட் வைத்தால் செம்புக்கும் செம்புக்கும் நடுவே மிஞ்சுவது 3.5 மி.மீ. சொச்சம். மின்வாரிய மின்சாரத்துக்கும் கை படும் 12 வோல்ட் பக்கத்துக்கும் இடையே நான் 6 மி.மீ.-க்குக் குறைய விடுவதில்லை. புழுக்கமும் எறும்பும் உள்ள இடத்தில் 8 இருந்தால்தான் மனசு கேட்கும். இந்த ரிலேயில் எந்தப் பேட் வடிவத்தாலும் அது கிடைக்காது. நீள்வட்டம் வைத்து நீளத்தை வெளிப்பக்கம் திருப்பினால் கொஞ்சம் கூடும், இரண்டுக்கும் நடுவில் போர்டையே வெட்டி ஒரு பிளவு விட்டால் மேற்பரப்பு வழியே மின்சாரம் ஊர்ந்து வரும் பாதை நீளும். இருந்தாலும் 230-ஐ சுவிட்ச் செய்யக் காயில் கால்கள் ஒரு கோடியிலும் காண்டாக்ட் கால்கள் மறு கோடியிலும் உள்ள ரிலேயை வாங்குவதுதான் சரி. நம் போர்டில் ரிலே 12 வோல்ட் பஸ்ஸரை மட்டும் இயக்குவதால் நீலப் பெட்டியே போதும்.

வரைந்து பழகும் வரை 230 வோல்ட் போர்டு வேண்டாம். முதல் 230 வோல்ட் போர்டை இணைக்கும் முன் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

ஏழாம் படி: கடற்கரைக்கு ஏற்றபடி

புளஃப், மெரிபேங்க், இசிப்பிங்கோ பக்கம் உள்ளவர்களுக்கு இது தெரிந்த கதைதான்: மூடாத செம்பு சீக்கிரமே கறுத்து, பச்சை பூக்கும். தேவையில்லாத பேடைத் திறந்து விடாதீர்கள். வயாக்களை மேல்பூச்சால் மூடச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் முனை வைக்க 1.5 மி.மீ. வட்டப் பேட் இரண்டு மூன்று வேண்டும்தான், பேட்டரி, கிரவுண்ட், 5 வோல்ட் என்று. அவற்றின் மேல் சால்டர் தடவிவிடுங்கள். தொழிற்சாலையில் வெள்ளீயப் பூச்சு மலிவு, கைவேலைக்கு அதுவே நல்லது. மிக நெருக்கமான கால்கள் உள்ள ஐசி இருந்தால் மட்டும் தங்கப் பூச்சுக்குக் காசு கொடுங்கள், வெள்ளீயம் அங்கே சமமாகப் படியாது.

பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ஏடிடைனிக்குக் கொடுக்கும் இரண்டு ரெசிஸ்டர்களையும் கவனியுங்கள். பேட்டரியைச் சேமிக்க 100 கிலோ ஓம், அதற்கும் மேலே என்று பெரிய மதிப்பு வைத்திருப்பீர்கள். ஈரமும் உப்பும் படிந்தால் பேட்களுக்கு நடுவே கசியும் மின்சாரமே அளவைத் தப்பாகக் காட்டும். பேட்டரி நன்றாக இருக்கும், பஸ்ஸர் நடுராத்திரியில் கத்தும். இந்த இடத்தில் மட்டும் பேட்களை வட்டமாக, அளவாக வைத்து, தள்ளித் தள்ளி வையுங்கள். சால்டர் செய்தபின் ஃப்ளக்ஸைக் கழுவிக் காயவைத்து, டெர்மினல்களை டேப்பால் மறைத்துவிட்டு, போர்டுக்கான பாதுகாப்பு ஸ்பிரே அடியுங்கள்.

கடைசிப் படி: மாற்றுவது, சரிபார்ப்பது

பேடை மாற்ற ஃபுட்பிரின்ட் எடிட்டரில் அதன்மீது இரட்டைக் கிளிக் செய்து வடிவம், அளவு, துளை மூன்றையும் கொடுக்கலாம். ஒரு பேடைத் திருத்தியபின் அதே குணங்களை மற்றக் கால்களுக்கும் தள்ளிவிடும் வசதி இருக்கிறது. அப்படித் தள்ளும்போது முதல் காலின் சதுரம் தொலைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தியதை உங்கள் சொந்த நூலகமாகச் சேமியுங்கள். மென்பொருளோடு வந்ததை மாற்ற முயன்றால் அடுத்த பதிப்பு வரும்போது எல்லாம் போய்விடும்.

ஸ்குரூ துளைகளை மறக்க வேண்டாம். எம்3 ஸ்குரூவுக்கு 3.2 மி.மீ. துளை, அதன் தலை உட்காரும் 6 மி.மீ. வட்டத்துக்குள் வேறு டிராக் எதுவும் வரக் கூடாது.

போர்டு அமைப்பில் குறைந்தபட்ச வளையம் 0.3, இடைவெளி 0.3 என்று கொடுத்துவிட்டு விதிச் சோதனையை ஓட்டுங்கள். அப்புறம் காகிதத்தில் நூறு சதவீத அளவில் அச்சிடுங்கள். பிரின்டர் பக்கத்துக்குப் பொருத்துகிறேன் என்று சுருக்கியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து, காகிதத்தை ஒரு தெர்மோகோல் துண்டின் மேல் வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்தில் குத்திப் பாருங்கள். சீனாவிலிருந்து போர்டு வரவழைத்தால் போர்டு விலையைவிட கூரியர் செலவுதான் கூட வரும். டெர்மினலின் வாய் போர்டுக்கு வெளியே பார்க்கிறதா என்பதையும் அந்தக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம்.